காய்ச்சலில் மனம் தடுமாறும்போது
நோயாளியின் அருகில் இருப்போர் அறிய வேண்டியவை

கடுமையான காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட ஒருவர், பகலில் ஓரளவு தெளிவாகப் பேசியிருப்பார். இரவு வந்ததும் நிலைமை மாறும். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் விழிப்பார். சுவரில் பூச்சி ஊர்வதாகக் காட்டுவார். கையில் ஏற்றியிருக்கும் குளுக்கோஸ் குழாயைப் பிடுங்குவார். "மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டும்" என்று கட்டிலை விட்டு இறங்க முயல்வார். வேறு சிலரோ ஒன்றும் பேசாமல், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டு, நாள் முழுவதும் கிடப்பார்கள். உடனிருக்கும் குடும்பத்தார் அஞ்சுவது இயல்பே. "பைத்தியம் பிடித்துவிட்டதா, காற்று கருப்பு அண்டியதா, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா" என்ற கேள்விகள் எழுகின்றன.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். இது மனநோயும் அன்று. நோயாளியின் பிடிவாதமும் அன்று. உடலைத் தாக்கிய நோய் மூளையின் வேலையையும் குலைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம் இது. பெரும்பாலும் குணமாகக்கூடியது, ஆனால் காலம் தாழ்த்தக்கூடாதது. இதைக் கண்டுபிடிப்பதிலும் தணிப்பதிலும் உடனிருப்போரின் பங்கு மிகப் பெரிது.

பழைய பெயர், பழைய நோய்

நம் முன்னோர் இந்த நிலையைச் சன்னி என்றனர். பேச்சு வழக்கில் ஜன்னி என்கிறோம். காய்ச்சல் முற்றிப் பிதற்றத் தொடங்கினால் "ஜன்னி கண்டுவிட்டது" என்று இன்றும் கிராமங்களில் சொல்வதுண்டு. காய்ச்சலுக்கும் புத்தித் தடுமாற்றத்துக்கும் உள்ள தொடர்பை அவர்கள் சரியாகவே கண்டிருந்தனர். மேலை நாட்டிலும் அப்படியே. டைஃபஸ், டைஃபாய்டு என்னும் நோய்ப் பெயர்கள், புகை, மந்தம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. அறிவைப் புகை மூடியதுபோல் நோயாளி கிடந்ததைக் கண்டே அப்பெயர் வைத்தனர்.

அக்காலத்தில் சன்னி என்றால் முடிவு நெருங்கிவிட்டது என்றே பலர் கருதினர். இன்று அவ்வாறு கருத வேண்டியதில்லை. நோய்த்தொற்றைக் கண்டறியும் சோதனைகளும், அதைக் கொல்லும் மருந்துகளும், மூச்சுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் துணை நிற்கும் கருவிகளும் உள்ளன. ஆனால் நோயாளி உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து சேர வேண்டும்.

மூளையில் என்ன நடக்கிறது?

கிருமிகள் மூளைக்குள் நுழைந்தால்தான் புத்தி தடுமாறும் என்பதில்லை. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ இரத்தத்திலோ கடுமையான தொற்று இருந்தால், அதை எதிர்க்க உடல் வெளியிடும் வேதிப்பொருள்கள் மூளையையும் சென்றடைகின்றன. நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் ஏற்பாடு குலைகிறது. அதனுடன் உடலில் நீர் குறைதல், இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை ஏறுதல் அல்லது இறங்குதல், ஆக்சிஜன் குறைதல், சிறுநீரகம் அல்லது கல்லீரல் தளர்தல், உறக்கமின்மை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். சில மருந்துகளும் காரணமாகலாம். எனவே ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று காரணங்கள் ஒன்றாக இருப்பது வழக்கம்.

மூளைக்காய்ச்சலில் மட்டும் கிருமி மூளையையோ அதன் உறையையோ நேரடியாகத் தாக்குகிறது. கடும் தலைவலி, கழுத்தை மடக்க முடியாத விறைப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் ஏதேனும் இருந்தால் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என மருத்துவர் கூறக்கூடும். இச்சோதனையைக் கண்டு அஞ்சி மறுக்காதீர்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து என்பதை முடிவு செய்ய அது உதவுகிறது.

நம் பகுதியில் எந்தக் காய்ச்சல்கள்?

நிமோனியா, டைஃபாய்டு, டெங்கு, எலிக்காய்ச்சல், இரத்தத்தில் கிருமி பரவுதல் ஆகிய எதிலும் டெலிரியம் வரலாம். முதிய பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று ஏற்பட்டால், காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் முதலில் தோன்றுவதுண்டு.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்வோர் தனியாக அறிய வேண்டியது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சல். புதர், புல்வெளி, வயல் ஓரங்களில் வாழும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் இது பரவுகிறது. ஆடு மேய்ப்போர், விறகு பொறுக்குவோர், களை எடுப்போர், கொல்லிமலை, சேர்வராயன்மலை அடிவாரங்களில் வேலை செய்வோர், வீட்டைச் சுற்றிப் புதர் மண்டிய இடத்தில் இருப்போர் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதைத் தொடரும் குளிர் மாதங்களிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. ஒரு வாரம் காய்ச்சல் நீடித்தபின் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்படலாம். அப்போது பிதற்றலும் மயக்கமும் தோன்றும்.

பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகலாம். அது வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, அரைஞாண் கயிறும் பாவாடை நாடாவும் படும் இடுப்பு ஆகிய மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாமல் போகலாம். உடம்பைத் துடைத்துவிடும் மகளோ மனைவியோ அதைக் கண்டு சொன்னால், அந்த ஒரு செய்தியே நோயைக் கண்டுபிடிக்கப் போதுமானதாகலாம். எல்லா நோயாளிகளிடமும் அது காணப்படுவதில்லை என்பதையும் நினைவில் கொள்க. பல காய்ச்சல்களுக்கு வழக்கமாகத் தரப்படும் பென்சிலின் வகை மருந்துகள் இந்நோய்க்குப் பயன்படா. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் ஆகியவையே பயன்படுகின்றன. நோய் முற்றிய நிலையில் இவ்விரண்டையும் சேர்த்துத் தருவது, ஒன்றை மட்டும் தருவதைவிடச் சிறந்தது என்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டு காட்டியது.

இன்னொரு செய்தியும் உண்டு. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுடனும், சங்ககிரி, நாமக்கல்லிலிருந்து லாரிகளுடனும் வெளிமாநிலம் சென்று திரும்பியவருக்குக் காய்ச்சலும் பிதற்றலும் இருந்தால், அது மூளையைத் தாக்கும் மலேரியாவாகவும் இருக்கக்கூடும். எங்கே சென்றார், எப்போது திரும்பினார் என்பதைக் கேட்காமலே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அமைதியாகக் கிடப்பதும் டெலிரியமே

டெலிரியம் மூன்று வடிவங்களில் வருகிறது. ஒன்று, கிளர்ச்சியான வடிவம்: கத்துதல், எழுந்து ஓட முயலுதல், குழாய்களைப் பிடுங்குதல். இது எல்லோர் கண்ணிலும் படும். மற்றொன்று, அமைதியான வடிவம்: பேச்சுக் குறைதல், மந்தமாகப் பார்த்தல், உணவில் நாட்டமின்மை, எந்நேரமும் உறக்கம். மூன்றாவது, இவ்விரண்டும் மாறி மாறி வருவது.

இவற்றில் அமைதியான வடிவமே மிகுதியும் கவனிக்கப்படாமல் போகிறது. "நேற்று முழுக்கத் தூங்கவில்லை, இன்றுதான் நிம்மதியாகத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்" என்று குடும்பத்தார் எண்ணுவதுண்டு. நல்ல உறக்கத்தில் இருப்பவரை எழுப்பினால் சிறிது நேரத்தில் தெளிந்து, கேட்டதற்கு உரிய விடை சொல்வார். டெலிரியத்தில் இருப்பவர் எழுந்தாலும் தெளிய மாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கவனம் நழுவும். இந்த வேறுபாட்டைக் கண்டால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். முதியவர்களிடம் இவ்வடிவமே அதிகம். ஆபத்தும் இதில் குறைவன்று.

எளிய சோதனை ஒன்று உண்டு. வார நாள்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள்: ஞாயிறு, சனி, வெள்ளி என்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நலமாக இருக்கும்போது இதைச் சொல்லிவிடுவார். நடுவில் தடுமாறி நிற்பதும், கேள்வியையே மறந்துபோவதும் கவனம் குலைந்திருப்பதைக் காட்டும்.

முதுமையில் வரும் மறதி நோய் வேறு, டெலிரியம் வேறு. மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வளரும். டெலிரியம் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றும். காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக ஏறி இறங்கும். மறதி நோய் உள்ளவருக்கு டெலிரியமும் சேர்ந்து வர வாய்ப்பு அதிகம். ஆகவே "அவருக்கு முன்பே ஞாபக மறதி உண்டு" என்று ஒதுக்கிவிடாமல், "முந்தா நாள் வரை இப்படி இல்லை" என்பதை அழுத்தமாகக் கூறுங்கள். நோயாளியின் இயல்பான நிலை எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

முதியோர், முன்பே மறதியோ பக்கவாதமோ உள்ளவர், கண்பார்வையோ செவியோ குறைந்தவர், பல மாத்திரைகள் உண்பவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கை மூச்சில் இருப்பவர் ஆகியோருக்கு டெலிரியம் எளிதில் வரும்.

இவற்றுடன் மதுப் பழக்கத்தையும் சேர்க்க வேண்டும். நாள்தோறும் குடிப்பவர் காய்ச்சலால் சேர்க்கப்படும்போது குடி திடீரென நின்றுவிடுகிறது. பெரும்பாலும் 2 முதல் 4 நாள்களுக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, இல்லாததைக் காணுதல், வலிப்பு ஆகியவை தோன்றலாம். காய்ச்சலால் வரும் டெலிரியமும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சிகிச்சை வேறு. வைட்டமின் பி1 ஊசியும் வேறு சில மருந்துகளும் உடனே தேவைப்படும். உரிய மருந்து கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. உறவினர் எதிரில் சொல்ல வெட்கமாக இருந்தால் மருத்துவரைத் தனியே அழைத்துச் சொல்லுங்கள். இது பழிப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வி அன்று. அவ்வாறே, தூக்க மாத்திரை, வலி மாத்திரை, மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கிய சளி மருந்து, நாட்டு மருந்து ஆகியவற்றின் அட்டையையும் புட்டியையும் அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள்.

கோவிட் காலம் கற்றுத் தந்த பாடம்

2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் நோயாளிகளைப் பிரித்து வைக்க வேண்டியிருந்தது. அருகில் உறவினர் இல்லை. கவச உடை அணிந்தவர்களின் முகமும் தெரியவில்லை. அந்நோயுடன் தீவிர சிகிச்சையில் இருந்தோரைப் பற்றி 14 நாடுகளில் 69 பிரிவுகளைச் சேர்ந்த 2,088 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்து 2021இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினருக்கு டெலிரியம் ஏற்பட்டிருந்தது. பென்சோடையசிபீன் வகை மயக்க மருந்துகள் தரப்பட்டோருக்கு அது கூடுதலாக இருந்தது. குடும்பத்தார் நேரிலோ காணொளி அழைப்பிலோ வந்து பார்த்தோருக்குக் குறைவாக இருந்தது.

அதற்கும் முன்னரே, 1999இல் அமெரிக்காவில் 70 வயதைக் கடந்த 852 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. இடம், காலம் நினைவூட்டல், இரவு உறக்கத்தைக் காத்தல், எழுந்து நடக்க வைத்தல், கண்ணாடியும் செவிக்கருவியும் தருதல், போதிய நீர் அருந்தச் செய்தல் ஆகியவற்றை முறையாகச் செய்த பிரிவில் டெலிரியம் 9.9 விழுக்காடாகவும், வழக்கமான கவனிப்பு மட்டும் இருந்த பிரிவில் 15 விழுக்காடாகவும் இருந்தது. விலையுயர்ந்த மருந்தோ கருவியோ இதில் ஒன்றுமில்லை. அருகில் இருக்கும் எவரும் செய்யக்கூடியவையே இவை.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை

• முகம் தெரியும்படி முன்னால் நின்று, பெயரோ உறவோ சொல்லி, சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். வீட்டில் பேசும் பேச்சே நல்லது: "அப்பா, நான் உங்க மூத்த பொண்ணுங்க. இது ஆஸ்பத்திரிங்க. காய்ச்சலுக்காக வந்திருக்கோம். இப்ப சாயங்காலம் 6 மணி. அம்மா வீட்ல நல்லா இருக்காங்க. நான் பக்கத்துலயேதான் இருக்கேன்." ஒரு நாளில் பல முறை இதைச் சொல்லலாம்.

• மூக்குக் கண்ணாடி, செவிக்கருவி, பல்செட் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடாமல் கொண்டுவாருங்கள்.

• பகலில் சன்னல் திரையை விலக்கி வெளிச்சம் வரச் செய்யுங்கள். இரவில் விளக்கைக் குறைத்து, கைப்பேசி ஒலியை நிறுத்துங்கள். பகலிலேயே நெடுநேரம் உறங்க விடாதீர்கள்.

• மருத்துவர் இசைவு தந்தால் கட்டிலில் எழுந்து உட்காரவும், நாற்காலியில் அமரவும், பிடித்துக்கொண்டு நடக்கவும் உதவுங்கள்.

• நீர் அருந்தத் தடை இல்லையெனில் சிறிது சிறிதாக அடிக்கடி கொடுங்கள். நன்றாக விழித்து, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே கஞ்சியோ நீரோ தர வேண்டும்.

• சிறுநீர் போகாமல் வயிறு உப்பியிருப்பது, 2, 3 நாள்களாக மலம் கழியாதது, முனகுவது, ஓரிடத்தைத் தொட்டால் முகம் சுளிப்பது ஆகியவற்றைக் கவனித்துச் சொல்லுங்கள். தன் வலியைச் சொல்ல முடியாதவர் குழப்பத்தாலேயே அதைக் காட்டுவார்.

• பழகிய ஒருவரோ இருவரோ முறை வைத்து அருகில் இருங்கள். இரவில் ஆள் மாறும்போது, அன்று நடந்ததைச் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். நீங்களும் உண்டு உறங்க வேண்டும்.

• தொற்று பரவக்கூடிய நோயாயின் முகக்கவசம் அணிந்து, கை கழுவி, செவிலியர் சொல்லும் விதிகளின்படியே உள்ளே வாருங்கள். உள்ளே அனுமதி இல்லாத நேரத்தில் காணொளி அழைப்புக்கு வழி உண்டா என்று கேளுங்கள்.

செய்யக் கூடாதவை

• இல்லாததைக் கண்டதாகச் சொன்னால் வாதாடாதீர்கள். ஆமாம் என்று ஒத்துப் பாடவும் வேண்டாம். "எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று புரிகிறது, நான் இருக்கிறேன்" என்று கூறிப் பேச்சை வேறு பக்கம் திருப்புங்கள்.

• "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று வருவோர் எல்லோரும் சோதிக்க வேண்டாம். விடை தெரியாமல் விழிப்பது நோயாளிக்குத் துன்பம் தரும்.

• ஒரே நேரத்தில் பலர் கட்டிலைச் சூழ்ந்து அழுவதையும் உரத்துப் பேசுவதையும் தவிருங்கள்.

• அரை மயக்கத்தில் இருப்பவரின் வாயில் நீர், பால், மருந்து எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும்.

• நீங்களாகவே துணியால் கை கால்களைக் கட்டாதீர்கள். வீட்டிலிருந்து தூக்க மாத்திரை கொண்டுவந்து தராதீர்கள்.

• திருநீறு பூசுவதும் இறைவனை வேண்டுவதும் உங்கள் நம்பிக்கை, அதற்குத் தடையில்லை. ஆனால் மந்திரிப்பதற்காகச் சிகிச்சையை ஒரு நாள் தள்ளிப்போடுவதும், மருத்துவமனையிலிருந்து இடையில் அழைத்துச் செல்வதும் உயிரைப் பறிக்கக்கூடும்.

மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள்?

டெலிரியத்துக்கான முதன்மைச் சிகிச்சை, அதை உண்டாக்கிய காரணத்தை நீக்குவதே. தொற்றுக்கு உரிய நுண்ணுயிர்க்கொல்லி, ஆக்சிஜன், நீர்ச்சத்து, சோடியம், சர்க்கரை ஆகியவற்றைச் சீர்செய்தல், தேவையற்ற மருந்துகளையும் குழாய்களையும் விலக்குதல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள்.

"ஓர் ஊசி போட்டுத் தூங்க வையுங்கள்" என்று பலர் கேட்கின்றனர். மனக்கிளர்ச்சியைத் தணிக்கும் மருந்துகள் டெலிரியத்தைக் குணப்படுத்துவதில்லை. தீவிர சிகிச்சையில் இருந்த 566 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், ஹாலோபெரிடால் உள்ளிட்ட மருந்துகள் டெலிரியம் நீடிக்கும் காலத்தைக் குறைக்கவில்லை. நோயாளி தமக்கோ பிறருக்கோ தீங்கு செய்துகொள்ளும் நிலையில் மட்டும், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தரப்படுகின்றன. மூச்சுக்குழாய் போன்ற உயிர்காக்கும் குழாயைப் பிடுங்கும் ஆபத்து இருந்தால் சில நேரம் கைகளை மென்மையாகக் கட்ட நேரிடலாம். அதற்கான காரணத்தையும், எப்போது அவிழ்ப்பார்கள் என்பதையும் கேட்டு அறிய உங்களுக்கு உரிமை உண்டு. பழகிய ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அருகில் அமர்ந்திருந்தால் கட்ட வேண்டிய தேவையே பல நேரங்களில் எழாது.

வீட்டில் இருக்கும்போது

காய்ச்சலில் உள்ளவருக்குக் கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ வேறு மருத்துவமனைக்கோ உடனே கொண்டுசெல்லுங்கள். 108 எண்ணை அழையுங்கள்.

• புதிதாகத் தோன்றிய குழப்பம், பிதற்றல், ஆள் தெரியாமை
• எழுப்பினாலும் தெளியாத உறக்கம்
• வலிப்பு, கழுத்து விறைப்பு, கடும் தலைவலி
• மூச்சு வாங்குதல், உதடு நீலம் பாய்தல்
• சிறுநீர் மிகக் குறைதல், கை கால் சில்லிட்டுப்போதல்

சர்க்கரை நோயாளியாயின், கருவி இருந்தால் இரத்தச் சர்க்கரையை உடனே பாருங்கள். சர்க்கரை தாழ்ந்தாலும் இதே குழப்பம் வரும். அவர் விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை கரைத்த நீர் தரலாம்.

தெளிந்த பிறகு

தொற்று அடங்கியதும் பலர் சில நாள்களில் தெளிந்துவிடுவர். முதியோருக்கு வாரக் கணக்கிலும் ஆகலாம். காய்ச்சல் இறங்கிய அன்றே புத்தியும் தெளிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தீவிர சிகிச்சையில் டெலிரியம் நெடுநாள் நீடித்தோருக்கு ஓராண்டுக்குப் பின்னும் நினைவிலும் சிந்தனையிலும் குறை இருக்கக்கூடும் என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே மறுபரிசோதனைக்குத் தவறாமல் அழைத்துவாருங்கள். வண்டி ஓட்டுதல், பணம் கொடுக்கல் வாங்கல், பத்திரத்தில் கையொப்பம் ஆகியவற்றை முழுத் தெளிவு வரும்வரை ஒத்திவையுங்கள். மாத்திரைகளைக் குடும்பத்தார் ஒருவர் எடுத்துக் கொடுங்கள்.

தெளிந்தவர்களில் சிலருக்கு நடந்தது ஒன்றும் நினைவிராது. சிலருக்கோ, தம்மைக் கொல்ல வந்தார்கள் என்பது போன்ற அச்சக் காட்சிகள் மட்டும் உண்மை நிகழ்ச்சிபோல் மனத்தில் தங்கியிருக்கும். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று அஞ்சி மறைத்து வைப்பார்கள். "காய்ச்சலின்போது மூளை காட்டியது அது, பலருக்கும் இப்படி நேர்வதுண்டு" என்று அமைதியாக விளக்குங்கள். எந்த நாளில் என்ன நடந்தது, யார் உடனிருந்தார்கள் என்பதை நீங்கள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தால், பின்னர் அதைப் படித்து அவர் விடுபட்ட நாள்களைக் கோத்துக்கொள்ள முடியும். அச்சமும் உறக்கமின்மையும் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகலாம்.

டெலிரியத்தில் இருந்தவர் மனைவியைத் திட்டியிருக்கலாம். மருமகள் நஞ்சு வைத்தாள் என்று கூறியிருக்கலாம். பெற்ற மகனை அடித்திருக்கலாம். "மனத்தில் இருந்ததுதானே வாயில் வந்தது" என்று அதைச் சுமந்துகொண்டிருக்க வேண்டாம். அவை நோயின் சொற்கள்; அவருடைய சொற்கள் அல்ல. அவற்றை அவரிடம் சொல்லிக் காட்டவும் வேண்டாம்.

உங்கள் நோயாளியிடம் இக்கட்டுரையில் கண்ட மாற்றம் ஏதேனும் இருப்பதாகத் தோன்றினால், இரவு எந்நேரமாயினும் பணியில் உள்ள செவிலியரை அழைத்து, "இவர் வழக்கம்போல் இல்லை" என்று சொல்லுங்கள். அவ்வளவு சொன்னாலே போதும். எங்கள் பரிசோதனை அதிலிருந்து தொடங்கும்.